பூட்டிய கூண்டில் இராணி இல்லை: படுவான்கரையில் ஒரு தேனீப் பருவம்

ஒரு குடும்பத்தின் ஒன்பது தேனீப் பெட்டிகளில் ஒரே பருவத்தில் நடந்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்கும் பங்கு உண்டு. இராணித் தேனீயை அடைக்கிற கூண்டுகளை வாங்கச் சொன்னது நான்தான்.

பின்னணி

பெட்டிகள் ஐம்பதை நெருங்கும் ஒரு அக்காவுடையவை. கணவர் இல்லை. வளவில் மரமுந்திரிகை, தென்னை, வேம்பு, முருங்கை. வேலிக்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் காடு. தேனீக்கு இதைவிட நல்ல இடம் கேட்க ஏலாது. தேன் அவருக்குப் பக்க வருமானம்தான், ஆனாலும் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவு அதிலிருந்துதான் வரும். அவருடைய அண்ணனின் மகன், இருபத்துநாலு வயதுப் பொடியன், பெட்டி திறக்கிற வேலை எல்லாவற்றிலும் கூட நிற்பான். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். என்னிடம் மூன்று பெட்டிகள் உண்டு, நடந்ததைக் கொப்பியில் எழுதிவைக்கிற பழக்கமும் உண்டு.

இலங்கையில் தேன் சேர்க்கும் தேனீ நான்கு வகை: உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒற்றை வதை (மெழுகு அடை) கட்டும் பெருந்தேனீ, பற்றைக் கொப்பில் சின்ன வதை கட்டும் கொம்புத் தேனீ, கொட்டாத கொசுத்தேனீ, பிறகு மரப்பொந்திலும் புற்றிலும் பல வதைகளை அடுக்கிக் கட்டுகிற ஏபிஸ் செரனா. நாங்கள் பெட்டியில் வளர்ப்பது இந்தக் கடைசி வகையை. உலகத்தில் பெரும்பாலான தேனீ வளர்ப்பாளர்கள் வைத்திருக்கும் மெல்லிஃபெரா, அதாவது இத்தாலியத் தேனீ என்று சொல்லப்படுவது, இந்த நாட்டில் இல்லை. கொண்டுவரவும் அனுமதி இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கிறது. அங்கே பயிற்சிக்குப் போனவர்கள் முதல் நாளே கேட்டிருப்பார்கள். கூண்டு வாங்கும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

கூண்டு ஏன் தேவைப்பட்டது

அக்காவின் தகப்பன் காலத்தில் இராணியை நெருப்புப் பெட்டிக்குள் போட்டு, ஊசியால் துளை குத்தி, நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். சிலர் ஈர்க்குகளை நெருக்கமாக அடுக்கிச் சுற்றிக் கட்டிய சின்னக் குடுவையும் செய்வார்கள். இவை எல்லாமே ஓரிரு நாளைக்குத்தான். நெருப்புப் பெட்டி வியர்த்து இளகிவிடும், வேலைக்காரத் தேனீ அதன் விளிம்பைக் கடித்துக் கரைக்கும்.

அந்த வருடம் மழை முடிந்ததும் மூன்று வேலைகள் காத்திருந்தன. காட்டோரத்து மருத மரத்தின் பெரிய கொப்பு ஒன்று முறிந்து, அதன் பொந்தில் ஒரு நல்ல கூட்டம் வெளியே தெரிந்தது. அதைப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். 4ஆம் பெட்டியில் இராணி கிழண்டுவிட்டது. முட்டை சிதறலாகவும், ஆண் தேனீ அறைகள் அதிகமாகவும் இருந்தன. 7ஆம் பெட்டியின் தேனீக்கள் மிகவும் மூர்க்கம். அக்காவின் பேத்தி அந்தப் பக்கம் போகவே பயந்தாள். இந்த இரண்டு பெட்டிக்கும் இராணியை மாற்ற வேண்டும், பழகுமுன் விட்டால் புது இராணியைத் தேனீக்கள் கொன்றுவிடும். ஆகவே மூன்று வேலைக்கும் இராணியைச் சில நாள் அடைத்துவைக்கிற வழி வேண்டும்.

செரனாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இது சட்டென்று கோபித்துக்கொள்கிற உறவுக்காரர் மாதிரி. எறும்பு வந்தாலும், மெழுகுப் பூச்சி வந்தாலும், தீன் குறைந்தாலும், அடிக்கடி பெட்டியைக் கிளறினாலும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடும். பொந்திலிருந்து பெட்டிக்கு மாற்றின கூட்டம் முதல் இரண்டு மூன்று நாளில் ஓடுகிற வாய்ப்பு அதிகம். இராணி அடைபட்டிருந்தால் கூட்டம் பெரும்பாலும் நிற்கும். அதற்குள் வதைகளைப் பெட்டிக்குள் தொங்கும் மரச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பயம் பாதி போச்சு.

வாங்கியது

ஜனவரிக் கடைசியில் மூன்று பேரும் இருந்து கதைத்தோம். நான் காணொளிகளில் பார்த்திருந்த பிளாஸ்டிக் கிளிப் கூண்டைச் சொன்னேன். தலைமயிருக்குப் போடுகிற கிளிப் போல இரண்டு பக்கமும் விரியும், உள்ளே பொத்தல் பொத்தலாகக் கம்பிகள். வதையில் இராணி நிற்கிற இடத்தில் மெல்ல மூடினால் இராணியும் கூட நிற்கிற சில தேனீக்களும் உள்ளே வந்துவிடும். வேலைக்காரத் தேனீக்கள் கம்பி இடைவெளியால் வெளியே போகும், இராணி மட்டும் உள்ளே மிஞ்சும். கையால் தொடத் தேவையில்லை. பொடியன் இணையக் கடை ஒன்றில் பத்து வாங்கினான். விலை மலிவு, வர மூன்று கிழமை எடுத்தது.

பயிற்சியில் எனக்குப் பழக்கமான ஒருவர் மலைநாட்டிலிருந்து நான்கு மரக்கட்டைக் கூண்டுகளை அனுப்பினார். ஒரே கட்டையில் மூன்று வட்டக் குழி குடைந்து, மேலே கம்பி வலை அடித்து, ஒரு குழியில் இராணிக்குத் தீனாகச் சீனிப் பசை நிரப்புகிற வகை. பெண்டன் கூண்டு என்பார்கள். ஃபிராங்க் பெண்டன் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இராணிகளைத் தபாலில் அனுப்பச் செய்தது. அவர் 1880களின் தொடக்கத்தில் பெருந்தேனீயைத் தேடி இலங்கைக்கும் வந்துபோனவர். அந்தக் கட்டையைக் கையில் வைத்திருக்கும்போது இதை அக்காவிடம் சொன்னேன். "வந்தவர் நம்மட தேனீய அளந்துபோட்டுப் போயிருக்கலாமே" என்றார். அப்போது சிரித்தோம்.

வாங்குவதற்கு முன் கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: கம்பிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி? விற்பனைப் பக்கத்தில் அது எழுதியிருக்கவில்லை. படத்தில் இருந்தது மஞ்சள் வயிற்றுப் பெரிய தேனீ. நாங்கள் படத்தைப் பார்த்தோம், தேனீயைப் பார்க்கவில்லை.

முதல் இழப்பு

பெப்ரவரி நடுவில் மருத மரக் கூட்டத்தை எடுத்தோம். பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை வேலை. முட்டையும் புழுவும் உள்ள ஐந்து வதைகளை வெட்டி, வாழை நாரால் சட்டங்களில் கட்டினோம். தேன் வதையைத் தனியே வைத்தோம். இராணி மூன்றாவது வதையில் தென்பட்டது. கறுப்பாக, நீளமாக, நல்ல ஓட்டம். பொடியன் கிளிப்பை வைத்து அழகாகப் பிடித்தான். கூண்டை நடுச் சட்டங்களுக்கு இடையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். பத்து நிமிடத்தில் மிச்சத் தேனீக்கள் வாசலில் வாலைத் தூக்கிச் சிறகடித்து மற்றவற்றைக் கூப்பிட ஆரம்பித்தன. எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் நினைத்தோம். பெட்டியை அக்காவின் வளவுக்குக் கொண்டுவந்து, கால்களைத் தண்ணீர் விட்ட சிரட்டைகளில் நிறுத்தினோம்.

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு அக்கா தொலைபேசி எடுத்தார். கூட்டம் போய்விட்டது. நான் போய்ப் பார்க்கும்போது பெட்டியில் சுமார் ஐம்பது தேனீக்கள் அலைந்துகொண்டிருந்தன. கிளிப் தொங்கிய இடத்திலேயே தொங்கியது. பூட்டியபடி. உள்ளே ஒன்றுமில்லை.

"பூட்டு சரியாத்தான் கிடக்கு. அப்ப ராணிய ஆரு எடுத்த?" என்று அக்கா கேட்டார். பொடியனைப் பார்த்துத்தான் கேட்டார். அவன் பிடிக்கும்போது இராணி வெளியே விழுந்திருக்கும், வேலைக்காரத் தேனீயைத்தான் அடைத்திருப்பான் என்று முடிவாயிற்று. நானும் அதை ஏற்றுக்கொண்டேன். "நான் கண்ணால கண்டு பூட்டினன் மாமி" என்று அவன் இரண்டு தரம் சொன்னான். கொப்பியில் நான் எழுதியது: "பிடித்த கை தவறு." அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை, மேலே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது இழப்பு

மார்ச் முதற்கிழமையில் 4ஆம் பெட்டிக்கு இராணி மாற்றினோம். 2ஆம் பெட்டி நல்ல பலமான கூட்டம், பிரிந்து போகிற ஆயத்தத்தில் இராணி அறைகள் கட்டியிருந்தது. அதில் இரண்டைச் சின்னப் பெட்டிகளுக்கு மாற்றி, கன்னி இராணிகள் வெளிவந்து, பறந்து கூடி, ஒன்று முட்டையிடவும் தொடங்கியிருந்தது. 4ஆம் பெட்டியின் கிழட்டு இராணியை எடுத்து ஒரு நாள் விட்டோம். அடுத்த நாள் புதிதாக எழுப்பத் தொடங்கிய இராணி அறைகளைத் தேடி உடைத்தோம். பிறகு புது இராணியைக் கிளிப்பில் வைத்து நடுவில் தொங்கவிட்டோம். எண்ணம் என்னவென்றால், மூன்று நாள் கழித்து கூண்டின் மேலே தேனீக்கள் அமைதியாக நடந்தால் திறந்துவிடுவது.

இந்த முறை பொடியன் இல்லை. இராணியை அடைத்தது நான். பூட்டை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து, கூண்டை எப்படி ஏற்கின்றன என்று பார்க்க மூடியைத் திறந்தேன். கூண்டில் இராணி இல்லை. அடித்தட்டில் தேசிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை. தேனீக்கள் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துச் சூடாகத் திரண்டிருந்தன. அப்படித் திரண்டால் நடுவில் பிற இராணி இருக்கிறது என்று அர்த்தம். கையால் பிரிக்க முயன்றால் இன்னும் இறுகும். அக்கா ஓடிப்போய்ச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தார், உருண்டையை அப்படியே அதில் போட்டோம். தண்ணீரில் விழுந்ததும் பிடி விட்டு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. இராணி உயிரோடு இருந்தது, ஆனால் பின்னங்கால் ஒன்று இல்லை, சிறகு நைந்திருந்தது. ஒரு சிறிய கிண்ணத்தில் ஐந்தாறு குஞ்சுத் தேனீக்களோடு வைத்துப் பார்த்தோம். இரண்டாம் நாள் செத்தது.

அந்த இராணியை நான் ஒரு மாத்திரைப் போத்தலில் போட்டு வைத்தேன். பிறகு அதுதான் உதவியது.

அன்று மாலை நானே அக்காவிடம் சொன்னேன், மருத மரத்து இராணிக்கும் இதுதான் நடந்திருக்கும், பொடியனில் பிழை இல்லை என்று. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அவனுக்கு அதச் சொல்லுங்க சேர், நான் சொன்னா நம்பமாட்டான்" என்றார்.

அளந்து பார்த்தது

அடுத்த நாள் கிளிப்புகளையும் செத்த இராணியையும் எடுத்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் கராஜுக்குப் போனேன். அங்கே நுணுக்கமாக அளக்கிற வேர்னியர் இருக்கும், ட்ரில் பிட்டுகள் வரிசையாக இருக்கும். கராஜ்காரர் தேனீக்குக் கூண்டு அளக்கிற ஆளை அன்றுதான் முதலில் கண்டார். "பிளக் இடைவெளி பாக்கிறதவிட நுணுக்கமா இருக்கே" என்றார்.

நாங்கள் செய்தது எளிமையான வேலை. 3, 3.5, 4, 4.5 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டுகளின் மழுங்கிய தண்டுப் பக்கத்தை ஒவ்வொரு கம்பி இடைவெளியிலும் நுழைத்துப் பார்த்தோம். 3.5 எல்லாவற்றிலும் தாராளமாகப் போனது. 4 பத்துக் கிளிப்பிலும் போனது. 4.5 ஏழில் நிற்க, மூன்றில் ஒரு பக்க ஓரத்தில் சறுக்கி உள்ளே போய்விட்டது. அதாவது ஒரே கூண்டின் கம்பிகளுக்கிடையிலேயே அளவு ஒத்துவரவில்லை. அச்சில் வார்த்த மலிவுச் சாமான், அப்படித்தான் இருக்கும்.

பிறகு இராணி. இங்கே ஒரு விசயத்தை முதலில் சொல்ல வேண்டும். இராணியின் வயிறு பெரிதாகத் தெரியும், ஆனால் அது மெத்தென்று நசுங்கும், நீளும். ஒரு துவாரத்தில் நுழையுமா என்று தீர்மானிப்பது நெஞ்சுப் பகுதி. அது ஓடு மாதிரி, சுருங்காது. செத்த இராணியின் நெஞ்சு வேர்னியரில் 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதுவும் முட்டையிடுகிற, நன்றாக வளர்ந்த இராணி.

மெல்லிஃபெரா வளர்ப்பவர்கள் இராணி மேலே ஏறாமல் தடுக்க வைக்கும் தட்டுகளின் இடைவெளி ஏறக்குறைய 4.1 இலிருந்து 4.4 மில்லிமீற்றர் வரை. அவர்களுடைய வேலைக்காரத் தேனீ அதில் போகும், இராணி போகாது. கிளிப்பும் அதே கணக்கில் செய்தது. எங்கள் தேனீயில் வேலைக்காரி இன்னும் சிறியது, இராணியும் சிறியது. எங்கள் இராணிக்கு அந்தக் கூண்டு வேலி இல்லை, கதவு.

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. செரனாவை வைத்திருக்கிறோம், எங்கள் சட்டம் சிறியது, எங்கள் வதை அறை சிறியது, பெட்டி வாசலையும் எங்கள் தேனீக்கு ஏற்ற அளவில்தான் குறைக்கிறோம். இதையெல்லாம் மதித்துவிட்டுக் கூண்டை மட்டும் படத்தைப் பார்த்து வாங்கினேன்.

மரக்கட்டைக் கூண்டும் சீனிப் பசையும்

அளந்த பிறகு மரக்கட்டைக் கூண்டுகளைப் பார்த்தோம். வலைக் கண் சிறியது, வேலைக்காரத் தேனீகூடப் போக ஏலாது. வெளியே நிற்கிற தேனீ வலை வழியாக நாக்கை நீட்டி இராணிக்குத் தீன் கொடுக்கும். அளவில் பிழையில்லை. பிழை எங்களிடம் இருந்தது.

பசைக்குக் கடை ஐசிங் சீனியைத் தேனில் குழைத்தோம். பொதிகளில் கிடைக்கும் ஐசிங் சீனியில் பெரும்பாலும் கட்டி பிடிக்காமல் இருக்க மாப்பொருள் சேர்த்திருப்பார்கள். அது தேனீக்கு நல்லதல்ல. அதைவிடப் பெரிய பிழை, தேன் கூடிவிட்டது. கையில் உருட்டும்போது மாவு மாதிரித்தான் இருந்தது. மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே பெட்டி சுட்டபோது பசை இளகி நடுக் குழிக்கு வழிந்தது. 7ஆம் பெட்டிக்கு வைத்த இராணியும் நான்கு துணைத் தேனீக்களும் அதில் ஒட்டிக் கிடந்தன. இராணியைத் தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்தோம், ஆனால் தேனீக்கள் அதை ஏற்கவில்லை. இது மூன்றாவது இழப்பு. கிளிப்பின் மேல் போட்ட கோபம் எல்லாம் இதன் பின் கொஞ்சம் அடங்கியது.

பிறகு சீனியை வீட்டிலேயே அரைத்து, அரித்து, எங்கள் சொந்தப் பெட்டித் தேனை மிகக் குறைவாகவே விட்டு, சப்பாத்தி மா போல நெடுநேரம் பிசைந்தோம். ஒரு உருண்டையைத் தட்டில் வைத்து மத்தியானம் தகரக் கொட்டிலில் விட்டோம். பரந்து போனால் மறுபடி சீனி போட்டுப் பிசைவது. மூன்றாவது தரம்தான் உருண்டை உருண்டையாகவே நின்றது. வெளியிலிருந்து வாங்கிய தேனைப் பாவிக்காதது நோய்க்குப் பயந்து. இதை அக்காதான் பிடிவாதமாகச் சொன்னார்.

எடுத்த முடிவு

மார்ச் கடைசியில் மூவரும் மறுபடி இருந்து கதைத்தோம். மரக்கட்டைக் கூண்டை இராணியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக மட்டும் வைப்பது என்று முடிவாயிற்று. பெட்டிக்குள் பழக்குவதற்கு வதையில் அழுத்திவைக்கிற வலைக் கூண்டை நாங்களே செய்வது.

பொடியன் சின்னதொரு வேலைத்தளம் வைத்திருக்கிற அரிதட்டுக்காரரிடம் போனான். மா அரிக்கிற தட்டுக்குப் போடும் வலைகளில் மிகப் பெரிய கண் உள்ள துருப்பிடிக்காத வலையை எடுத்துவந்தான். கண் 2 மில்லிமீற்றர், 3 மில்லிமீற்றர் பிட் உள்ளே போகவில்லை. இதைத்தான் முதலில் பார்த்தோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில், ஒரு பக்கம் திறந்த பெட்டி போல மடித்து, நான்கு ஓரத்திலும் கம்பி முனைகள் பல்லாக நிற்கும்படி விட்டோம். ஒன்றுக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. விலைக்கு வாங்கியதைவிட அழகு குறைவு. வளைந்துபோனால் கையால் நிமிர்த்திவிடலாம்.

இதன் நன்மை அளவு மட்டுமல்ல. வதையில் குஞ்சுத் தேனீக்கள் மூடியை உடைத்து வெளியே வந்துகொண்டிருக்கும் இடமாகப் பார்த்து, ஓரத்தில் இரண்டு மூன்று தேன் அறைகளும் அடங்கும்படி கூண்டை அழுத்த வேண்டும். உள்ளே பிறக்கிற குஞ்சுகளுக்கு வேறு இராணியின் வாசம் தெரியாது. முதலில் பார்க்கிற இராணியையே தாய் என்று எடுத்துக்கொள்ளும். இராணியும் அங்கேயே ஓரிரண்டு முட்டை இடத் தொடங்கும். முட்டையிடுகிற இராணியைத் தேனீக்கள் லேசில் தள்ளாது.

புதுக் கூண்டுகளை நேராக வைக்காமல், ஒரு நாள் பலமான பெட்டி ஒன்றின் மேல்தட்டில் போட்டு வைத்தோம். கடைவாசமும் கைவாசமும் போய்ப் பெட்டி வாசம் ஏறட்டும் என்று. இது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, செலவில்லாத வேலை என்பதால் செய்தோம்.

பின் நடந்தது

ஏப்ரலில் 4ஆம் பெட்டிக்கு மறுபடி இராணி கொடுத்தோம். நாளைக் கடத்த ஏலாது. செரனாவில் இராணி இல்லாமல் நாள் போனால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிடும். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை, அடியில் அல்லாமல் சுவரில் ஒட்டியபடி கண்டால் நிலைமை கையைவிட்டுப் போகிறது என்று விளங்கிக்கொள்ளலாம். 4ஆம் பெட்டியில் அப்படி ஒரு சட்டத்தின் ஓரத்தில் கண்டோம். ஆனாலும் அது தொடக்கம்தான். 2ஆம் பெட்டியிலிருந்து மூடிய குஞ்சு வதை ஒன்றை மாற்றி வைத்து, அதன் மேலேயே வலைக் கூண்டை அழுத்தினோம். மூன்றாம் நாள் கூண்டின் மேல் தேனீக்கள் லேசாக நடந்து திரிந்தன, வலையைக் கடித்துக்கொண்டு நிற்கவில்லை. எடுத்துவிட்டோம். ஒன்பதாம் நாள் திறந்தபோது வதை நிறைய முட்டை.

அந்தப் பருவத்தில் வலைக் கூண்டை ஐந்து தரம் பாவித்தோம். நான்கு இராணிகள் ஏற்கப்பட்டன. ஒன்று தோற்றது, அதன் காரணம் தெளிவு: 7ஆம் பெட்டியில் புதிதாகக் கட்டிய வெள்ளை வதையில் அழுத்தியிருந்தோம். புது வதை மெழுகு மெத்தென்றிருக்கும், மத்தியானச் சூட்டில் இன்னும் இளகும். தேனீக்கள் கூண்டின் விளிம்புக்குக் கீழே அறைகளைக் கடித்துப் பாதை வெட்டி உள்ளே புகுந்திருந்தன. அதன்பின் பல தலைமுறை குஞ்சு வளர்ந்து கறுத்த, உறுதியான வதையில்தான் வைத்தோம். பற்கள் நடுத்தட்டு வரை இறங்கும்படி அழுத்தினோம்.

பொந்திலிருந்து எடுத்த கூட்டம் அந்த வருடம் இன்னொன்று கிடைத்தது, பழைய கட்டிடம் ஒன்றின் சுவர் வெடிப்பில். அதற்கு வலைக் கூண்டோடு பெட்டி வாசலுக்கும் இராணித் தடை போட்டோம். கூட்டம் நின்றது. இரண்டில் எது நிறுத்தியது என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன். வாசல் தடையையும் ட்ரில் பிட்டால் பார்த்துத்தான் போட்டோம்.

ஒரு தடவை களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் உள்ள ஒருவரிடமிருந்து இராணி கொண்டுவந்தோம். மண்முனைப் பாலம் வழியாக மோட்டார் சைக்கிளில், சட்டைப் பையில் மரக்கட்டைக் கூண்டு. ஆறு துணைத் தேனீக்கள், மேலே ஈரத் துணி இல்லாமல். ஈரம் சேர்ந்தால் பசை இளகும். வெயில் நேரே படாமல் பார்த்தால் போதும். ஒன்றும் சாகவில்லை.

ஜூனில் வரண்ட கச்சான் காற்று தொடங்கியது. பூ குறைந்தது, பெட்டிகள் மெலிந்தன, சீனிப் பாகு வைத்தோம். ஜூலையில் 9ஆம் பெட்டி ஓடிவிட்டது. அது கூண்டுக்கும் இராணிக்கும் சம்பந்தமில்லாத ஓட்டம். சிரட்டையில் தண்ணீர் வற்றி முசுறு எறும்பு ஏறியிருந்தது. சுவரில் எடுத்த கூட்டத்தை விட்டால், பருவத்தைப் பழைய பெட்டிகளில் எட்டோடு முடித்தோம். தொடங்கியதைவிட ஒன்று குறைவு. நான்கு பெட்டியில் புது இராணி.

இன்னொரு முறை செய்தால்

முதலில், கூண்டு எதுவானாலும் வாங்கும் முன் இடைவெளியைக் கேட்போம். எழுதியிராவிட்டால் ஒன்றை மட்டும் வாங்கி, 3.5 மில்லிமீற்றர் ட்ரில் பிட் போகுதா என்று பார்ப்போம். போனால் எங்கள் தேனீக்கு அது கூண்டு அல்ல. இந்த எண் எங்கள் பக்கத்துத் தேனீயில் நாங்கள் கண்டது. மலைநாட்டுத் தேனீ உருவத்தில் கொஞ்சம் பெரியது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள், அவர்கள் தங்கள் இராணியை அளந்து முடிவெடுப்பது நல்லது. அளக்க உயிருள்ள இராணியைப் பிடித்து வருத்தத் தேவையில்லை. கிழண்டு மாற்றிய இராணிகளைச் சாராயத்தில் போட்டு வைத்தால் போதும். இப்போது என் மாத்திரைப் போத்தலில் மூன்று இருக்கின்றன.

இரண்டாவது, முதல் கூட்டம் ஓடியபோதே கூண்டை மேசையில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஒரு வேலைக்காரத் தேனீயை, ஓர் ஆண் தேனீயை உள்ளே விட்டுப் பார்த்தால்கூட ஏதோ விளங்கியிருக்கும். அதற்குப் பதிலாக ஆளைப் பிழை சொன்னோம். அந்த இரண்டு கிழமையில் பொடியன் பெட்டிப் பக்கமே வரவில்லை, அதனால் 4ஆம் பெட்டியின் முதல் முயற்சியை நான் தனியே செய்ய வேண்டி வந்தது. அவன் கை என் கையைவிட நல்லது.

மூன்றாவது, ஒரே பருவத்தில் மூன்று வேலையையும் புதுச் சாமானில் தொடங்கியிருக்கக் கூடாது. பலமில்லாத ஒரு கூட்டத்தில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு மருத மரத்துக்குப் போயிருந்தால், அந்த நல்ல கூட்டம் இன்று 10ஆம் பெட்டியாக இருந்திருக்கும்.

கிளிப் கூண்டுகளை அக்கா எறியவில்லை. எட்டை நான் வாங்கிக்கொண்டேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட. மற்ற இரண்டிலும் பொடியன் ஒவ்வொரு கம்பி இடைவெளியிலும் ஒரு ஈர்க்கை நெடுக்கச் செருகிப் பசையிட்டிருக்கிறான். 3 மில்லிமீற்றர் பிட் இப்போது போகவில்லை. வேலைக்காரத் தேனீயும் வெளியே போகாது, ஆகவே பிடிக்கும்போது கூட அகப்படுகிறதை இரண்டு மூன்றாகக் குறைக்கப் பார்க்கவேண்டும். இந்த மாசியில் 2ஆம் பெட்டியில் அதைப் பாவித்துப் பார்ப்பதாக இருக்கிறது.